டார்ஸ்லி சாலையின் நீளம்

மிரன்பூலிலிருந்து டார்ஸ்லிக்குப் போகும் சாலை 1971ஆம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டாவது திங்கட்கிழமை ஆறு மைல் நீண்டது. அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் கடைசி ரயில் போயிருந்தது. சனிக்கிழமை பதினான்கு மைலாக இருந்த சாலை திங்கட்கிழமை இருபதாகிவிட்டதை முதலில் கண்டவள் தபால் வண்டி ஓட்டிய மெர்ல் டிரான்டர். டார்ஸ்லி தபால் நிலையத்துக்கு எப்போதும் எட்டரைக்குப் போய்ச் சேருகிறவள் அன்று எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தாள். வண்டியின் மீட்டரைப் பார்த்தாள், கைப்பையில் வைத்திருந்த சின்ன நோட்டில் இருபது என்று எழுதினாள், தபால் பைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். ஊரில் சொன்னபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. ரயிலை நிறுத்தினால் சாலை கொஞ்சம் நீளும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தார்கள். ஆறு மைல் சற்று அதிகம் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சாலை என்றைக்கும் ஒரே நீளத்தில் இருந்ததில்லை. 1888இல் அரசாங்க அளவையாளர் சங்கிலி பிடித்து அளந்தபோது அறுபத்து நான்கு மைல். அப்போது மிரன்பூல் என்பது ஒரு கூடாரமும் ஒரு கிணறும்தான். தபால் நிலையம் வந்ததும் ஐம்பத்திரண்டாகக் குறைந்தது. ரயில் வந்ததும் முப்பது. அதன்பின் பள்ளிக்கூடம், ரொட்டிக்கடை, கொல்லன் பட்டறை, இரண்டு மதுவிடுதிகள், பலகையில் கட்டிய தேவாலயம், வெண்ணெய்த் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக வர வர டார்ஸ்லி கிட்டே வந்துகொண்டிருந்தது. 1926இல், ஊரில் நானூற்றுப் பத்துப் பேரும் சொந்தமாக ஒரு பேண்டு வாத்தியக் குழுவும் இருந்த காலத்தில், தூரம் பதினோரு மைல். பெரிய விடுதியின் கூரைமேல் ஏறி நின்றால் டார்ஸ்லியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். நடுவில் இரண்டு தடவை மட்டும் நீண்டது. 1908இல், ஓடைக்கரையில் யாருக்கும் முந்திய காலத்திலிருந்து வாழ்ந்துவந்த பூர்வகுடிக் குடும்பங்களைப் போலீசார் வண்டியில் ஏற்றி பாதிரிமார் நடத்திய எங்கோ ஒரு மிஷன் குடியிருப்புக்கு அனுப்பிவைத்தார்கள். மறுநாள் சாலை மூன்று மைல் கூடியிருந்தது. எதையோ இழந்ததாக ஊரில் யாரும் நினைக்காததால் காரணம் புரியவில்லை. வட்டார சபைப் பதிவேட்டில் ‘மண் நகர்ந்திருக்கலாம்’ என்று எழுதிவைத்தார்கள். இரண்டாவது தடவை முதல் உலகப்போர். இருபத்து மூன்று பேர் போனார்கள், ஒன்பது பேர் வரவில்லை. ஒவ்வொரு தந்திக்கும் இருநூறு கஜம் கூடியது. வெண்ணெய்த் தொழிற்சாலை திறந்தபோதுதான் அது ஈடானது. அதே தொழிற்சாலையை 1958இல் மூடியபோது மூன்று மைல் போயிற்று. 1974இல் நாடு முழுவதும் கிலோமீட்டருக்கு மாறி, இருபது மைல் என்றிருந்த பலகையில் ஒரே நாளில் முப்பத்திரண்டு என்று எழுதியபோது மிரன்பூலில் நாலைந்து பேர் சண்டைக்குக் கிளம்பினார்கள். அது வெறும் கணக்கு, சாலை அப்படியேதான் இருக்கிறது என்று மெர்ல்தான் நோட்டைக் காட்டிச் சமாதானம் செய்தாள்.

சாலை நீண்டால் மண்ணும் கூடவே வரும். 1971இல் வந்த ஆறு மைலும் ஒரே இடத்தில் வரவில்லை. இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக வந்தது. வந்த மண் புதியதாகவும் இல்லை. நூறு வயது யூகலிப்டஸ் மரங்களும், அவற்றில் பழைய கூடுகளும், கரை தேய்ந்த ஒரு குட்டையும், குட்டையில் வாத்துகளுமாகத்தான் வந்தது. அதில் நாற்பது ஏக்கர், மூன்றாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில், மெர்லின் கணவன் கிளாரியின் பண்ணைக்கும் டெஸ் குயிக்லியின் பண்ணைக்கும் நடுவில் முளைத்தது. சனிக்கிழமை வரை இரண்டு பண்ணைக்கும் ஒரே வேலி. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் இரண்டு வேலிகள், நடுவில் நாற்பது ஏக்கர்.

கிளாரியும் டெஸ்ஸும் மிரன்பூல் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கு முன்பெஞ்சில் மெர்ல். கிளாரியின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் டெஸ். அந்த நிலத்தில் முதலில் கால் வைத்தவை தன் செம்மறிகள் என்றான் கிளாரி. பழைய வேலி தன் தாத்தா போட்டது, அதை ஒட்டி முளைத்த நிலமும் தன்னுடையதுதான் என்றான் டெஸ். டார்ஸ்லி வக்கீல் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, பத்திரத்தில் இல்லாத நிலத்துக்கு வழக்குப் போட முடியாது, வேண்டுமானால் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பாதி என்ற சொல்லில்தான் இருவருக்கும் ரோஷம் வந்தது. அன்றைக்குப் பேச்சு நின்றது. முப்பத்திரண்டு வருஷம் அந்த நாற்பது ஏக்கரில் யாரும் மாடு, ஆடு விடவில்லை. புல் இடுப்புயரம் வளர்ந்தது.

பேச்சுதான் நின்றதே தவிர மரியாதை நிற்கவில்லை. அந்தப் பக்கத்தில் சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தால், ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு அங்குலம் தூக்குவார். எதிரே வருகிறவரும் தூக்குவார். அது வணக்கமா விசாரிப்பா என்று யாரும் யோசித்ததில்லை. தெரியாதவனுக்கும் தூக்க வேண்டும், கடன்காரனுக்கும் தூக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷத்தில் டெஸ்ஸும் டிரான்டர் வீட்டாரும் எதிரெதிரே போனது எத்தனை ஆயிரம் தடவையோ, விரல் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பேசாமல் இருக்கலாம், விரல் தூக்காமல் இருப்பது மனுஷத்தனம் இல்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கருத்து. நாற்பது ஏக்கர் புல்லும் வருஷா வருஷம் காய்ந்து தீப்பிடிக்கும் என்பதால் ஊர்த் தீயணைப்புக் குழு கோடைக்கு முன்பு அதைக் கொளுத்தி அணைக்கும். குழுவில் இருவரும் உறுப்பினர்கள். ஒரே குழாயின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

“அந்தாளைக் கொஞ்சம் இடது பக்கமா வரச் சொல்லுங்க” என்பான் டெஸ், நடுவில் நிற்கும் குழுத் தலைவரிடம்.

“இடது பக்கம் புகை வருதுன்னு அந்தாளுகிட்ட சொல்லுங்க” என்பான் கிளாரி.

“ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? அப்புறம் நான் எதுக்குடா நடுவுல, எனக்கும் புகைதானே வருது” என்பார் தலைவர். இதுவும் வருஷா வருஷம் நடந்தது.

1979இல் வங்கி போயிற்று, சாலை முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஆனது. 1986இல் கடைசி ஒன்பது பிள்ளைகளோடு பள்ளியை மூடினார்கள், ஐம்பத்தொன்று. 1994இல், அந்த நாட்டுக் கால்பந்துக்கு ஒரு அணியில் வேண்டிய பதினெட்டுப் பேரைச் சேர்க்க முடியாமல் கால்பந்துக் கிளப்பை டார்ஸ்லிக் கிளப்போடு இணைத்தார்கள். அந்த ராத்திரியைவிட மோசமானது எதுவும் இல்லை என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். காலையில் பதின்மூன்று கிலோமீட்டர் கூடியிருந்தது. சாலையை ஏமாற்றிப் பார்க்கலாம் என்று 1996இல் ஒரு கமிட்டி கூடி, பழைய ரொட்டிக்கடையில் கலப்பைகளையும் தையல் இயந்திரங்களையும் அடுக்கி அருங்காட்சியகம் என்று பலகை மாட்டியது. தேங்காய்த் துருவலில் புரட்டிய கேக் செய்து விற்று அதற்குப் பெயின்ட் அடித்தார்கள். திறப்பு விழாவுக்கு மறுநாள் மெர்ல் மீட்டரைப் பார்த்தாள். அறுபத்து நான்கு. ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. 1999இல் இரண்டாவது விடுதியும் மூடியபின் எண்பத்தொன்று. புதிய மண்ணில் காதில் குறியில்லாத செம்மறிகள் மேய்ந்தன. அவற்றைப் பிடிக்கப் போனவர்கள், அவை கிட்டே போகப் போக எட்டப் போவதாகச் சொல்லி விட்டுவிட்டார்கள்.

மிரன்பூல்காரர்கள் செய்த பெரிய தவறு 2002இல் நடந்தது. வட்டார சபையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். வீடு வீடாக ஏறி, சாலை தூரமாக இருப்பதால் கஷ்டமா, ஊரில் என்ன வசதி குறைவு, எது இல்லாவிட்டால் சிரமம் என்று கேட்டு எழுதினார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கேட்கும்போது குறை சொல்வது என்பது அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு வராது. கை ஒடிந்தவன்கூட ‘பரவாயில்ல’ என்பான். வெள்ளாமை முழுக்கக் கருகியவன் ‘இதைவிட மோசமா பார்த்திருக்கேன்’ என்பான். அதிகாரி பதினான்கு பேரைக் கேட்டார். பதினான்கு பேரும் பரவாயில்லை என்றார்கள். மெர்லிடம் கேட்டபோது அவள் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, “பரவாயில்லைங்க, ஓட்டிடலாம்” என்றாள். நாற்பது வருஷம் அந்தச் சாலையை ஓட்டியவளே சொன்னபின் அவர் வேறென்ன எழுதுவார். குறைகள் எதுவும் இல்லை என்று அறிக்கை போயிற்று. அதை வைத்து 2003 மார்ச் மாதம் ஊர் நர்சிங் நிலையத்தை மூடினார்கள். ஒரு நர்ஸும் இரண்டு கட்டில்களும் இருந்த சின்னக் கட்டிடம் அது. ஊருக்குள்ளேயே இருந்த டிரான்டர் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து அதன் கொல்லைப்புறக் கொடியில் காயும் போர்வைகள் தெரியும். நர்ஸ் பெட்டி படுக்கையோடு போன மறுநாள் சாலை தொண்ணூற்றேழு கிலோமீட்டர்.

கிளாரிக்கு இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தது ஜூலையில். டார்ஸ்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நீலம் பாய்ந்த நகங்களைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மெர்ல் தினமும் தொண்ணூற்றேழு போய் தொண்ணூற்றேழு வந்தாள். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கலாம்தான். ஆனால் திங்கள், புதன், வெள்ளி தபால் இருந்தது. ஊரில் மிச்சம் பதினொரு பேர். தபாலும் நின்றால் சாலை எவ்வளவு நீளும் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. ஆகவே தங்கினாலும் ஆபத்து, திரும்பினாலும் ஆபத்து என்ற நிலையில் அவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். தினமும் அவள் நுழைந்ததும் கிளாரி, ரோடு இன்னிக்கு எவ்வளவு என்று கேட்பான். அவள் நோட்டைப் பிரித்துப் படிப்பாள். தன்னைப் பற்றி அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரு மாலையில், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“அந்த நேரம் வரும்போது நீ இங்க இரு. அது போதும்.”

இருப்பேன் என்றாள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கிளம்பி வந்தால் நல்லது, தாமதிக்காமல் வந்தால் நல்லது என்று நர்ஸ் சொன்னாள். மெர்ல் அடுப்பை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். தேவாலயத்தைக் கடக்கும்போது அங்கே ஒரு பெரிய லாரி நின்றிருந்தது. தேவாலயத்தை விற்றாகிவிட்டது அவளுக்குத் தெரியும். நகரத்துத் தம்பதி யாரோ கடற்கரையில் விடுமுறை வீடாக வைத்துக்கொள்ள வாங்கியிருந்தார்கள். தூக்கிக்கொண்டு போவது அந்த வியாழக்கிழமை என்பதுதான் மறந்துபோயிருந்தது. மணியை ஏற்கெனவே இறக்கிப் பழைய டயர்களின்மேல் வைத்திருந்தார்கள். நான்கு பேர் அடிச்சட்டத்துக்குக் கீழே இரும்புத் தண்டவாளங்களை நுழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்து மூன்றாவது கிலோமீட்டரில் கைவிடப்பட்ட பழைய ரயில் நிறுத்தத்தின் தானியக் கிடங்கு வர வேண்டும். வரவில்லை. எண்பதில் வந்தது. தொண்ணூற்றேழில் டார்ஸ்லியின் முதல் வீடுகளும் குதிரைப் பந்தயத் திடலும் இருக்க வேண்டிய இடத்தில் உப்புப்புதர்ச் சமவெளி இருந்தது. நூற்று நான்கு. நூற்றுப் பன்னிரண்டு. எங்கோ பின்னால் லாரி நகர நகர முன்னால் மண் வந்துகொண்டிருந்தது. அவள் பார்த்திராத மரங்கள், நெடுநாளாக அங்கேயே நின்றவை போல, பட்டை உரிந்து நின்றன. பெட்ரோல் முள் கால் டாங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. அவள் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் போனாள். மணி ஒன்பதரை. மூன்று வாரமாக அழவில்லை, அப்போதும் அழவில்லை. ஓட்டும்போது கண் தெளிவாக இருக்க வேண்டும்.

எதிரே டெஸ் குயிக்லியின் பிக்கப் வந்தது. முந்தின நாள் பம்பு செட்டுக்கு ஒரு சாமான் வாங்க டார்ஸ்லி போய், தங்கித் திரும்பிக்கொண்டிருந்தான். அவன் வழக்கம்போல விரலைத் தூக்கினான். மெர்ல் தூக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, கைகள் இருந்தது அவளுக்கு நினைவில் இல்லை. அவன் அரை கிலோமீட்டர் போனான். கண்ணாடியில் அவள் வண்டி சிறியதாகிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். பிறகு சாலையின் குறுக்கே வண்டியை வளைத்துத் திருப்பி, விளக்கைப் போட்டு அணைத்து, ஹாரனை அழுத்தியபடி துரத்திவந்தான். அவள் ஓரம் கட்டினாள். அவன் இறங்கி வந்து அவள் ஜன்னல் பக்கத்தில் நின்றான். தொப்பியைக் கழற்றினான், மறுபடியும் போட்டுக்கொண்டான்.

“கை தூக்கலியே, மெர்ல்” என்றான். முப்பத்திரண்டு வருஷத்தில் அவளிடம் அவன் சொன்ன முதல் வாக்கியம் அது.

“ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு.”

“கிளாரி எப்படி இருக்கான்?”

பரவாயில்லை என்ற சொல் அவள் நாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“மோசமா இருக்கு, டெஸ். ரொம்ப மோசமா இருக்கு. பக்கத்துல இருப்பேன்னு சொல்லியிருக்கேன். நான் போய்ச் சேரப்போறதில்ல.”

மிரன்பூலில் பிறந்த ஒருவர் இப்படிச் சொல்லி டெஸ் கேட்டதில்லை. அவன் தன் பூட்ஸைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். தான் எட்டரை மணிக்குக் கிளம்பி எழுபது கிலோமீட்டர் வந்தாயிற்று, வழியில் ஒரு கட்டிடம்கூடக் கண்ணில் படவில்லை என்றான்.

“என் வண்டில ஏறு. டாங்க் நிறைய இருக்கு. உன்னுது அரை மணில படுத்துரும், சத்தத்துலயே தெரியுது.”

முதல் ஐந்து கிலோமீட்டருக்கு இருவரும் பேசவில்லை. வெளியே நிலம் அகலமாகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு டெஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“என் பொண்டாட்டி ஜோன் என்னை விட்டுட்டுப் போயிட்டா. உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“எழுபத்தொம்பதுல. உன் வீட்டுக்கு லெட்டர் போடறதே நான்தானே.”

“ஜோன் லெட்டர்ல என்ன எழுதியிருந்தாள்னு தெரியாதுல்ல.”

“கவர் ஒட்டியிருந்துச்சு, டெஸ்.”

அவன் சொன்னான். ஜோன் எழுதியதைச் சொன்னான், தான் பதில் எழுதி அனுப்பாமல் வைத்திருப்பதைச் சொன்னான். அது தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் புரியும் என்று தோன்றியதோ என்னவோ, பின்னால் போய் 1971 ஆகஸ்டிலிருந்து வரிசையாக ஆரம்பித்தான். எழுபத்திரண்டில் கம்பளி விலை ஏறியபோது யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் நாயிடம் சொன்னது. எழுபத்தைந்தில் ஏணியிலிருந்து விழுந்து இரண்டு மணிநேரம் கொட்டகையில் கிடந்தது. எண்பத்திரண்டின் பெரிய தீயில் கிளாரி தன் குழாயை டெஸ்ஸின் கொட்டகைப் பக்கம் திருப்பி, தன் வைக்கோல் போர் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு நன்றி சொல்ல மூன்று தடவை கேட் வரைக்கும் வந்து டெஸ் திரும்பிப் போனது. பேச்சு அவனுக்கு வராத ஒன்று. கரடுமுரடாக, பாதி வாக்கியம் விழுங்கி, ஊர்ப்பேர்களை மாற்றிச் சொல்லி, ஆனால் நிறுத்தாமல் பேசினான். மெர்ல் இரண்டு மூன்று இடங்களில் வருஷத்தைத் திருத்தினாள். ஒரு இடத்தில் சிரித்தாள், சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எண்பத்தாறுக்கு வந்து, பள்ளிக்கூடத்தை மூடிய அன்று மூன்று பேரும் உட்கார்ந்த பெஞ்சுகளை ஏலத்தில் எடுத்ததாகவும் அவை இன்னும் கொட்டகையில் இருப்பதாகவும் சொல்லிக்கொண்டிருந்தபோது டார்ஸ்லியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மெர்ல் மீட்டரைப் பார்த்தாள். அவள் ஏறிய இடத்திலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர்.

“இன்னும் பதினேழு வருஷம் பாக்கி இருக்கே” என்றான் டெஸ், வேகத்தைக் குறைத்தபடி.

“அதை அவன்கிட்ட சொல்லு.”

கிளாரி மூக்கில் குழாயோடு, தலையணைகளில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மெர்ல் கையைப் பிடித்ததும் திறந்தான்.

“ரோடு எவ்வளவு?”

“கடைசில பத்தொம்பது.”

“பொய் சொல்றே.”

“டெஸ்ஸைக் கேளு.”

அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். டெஸ் கட்டில் காலடியில், தொப்பியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பள்ளியில் வாத்தியார் முன் நின்றதுபோல நின்றான்.

“எப்படிடா இருக்கே?” என்றான் டெஸ்.

“பரவாயில்ல. நீ?”

“பரவாயில்ல.”

டெஸ் தொப்பியைக் கட்டில் விளிம்பில் வைத்தான்.

“அந்த நாப்பது ஏக்கர்” என்று ஆரம்பித்தான் டெஸ். “வேலி எங்க தாத்தா போட்டது இல்ல. எழுபத்திரண்டுலயே எங்கம்மா சொல்லிட்டாங்க. உங்க தாத்தா போட்டதாம்.”

கிளாரி இதை யோசித்தான். மூச்சு வாங்க வேண்டியிருந்ததால் பதிலுக்கு நேரமாயிற்று.

“உன் ஆடுகளை விடு. புல்லு ரொம்ப வளர்ந்துருச்சு.”

“உன்னுதையும் சேர்த்து விடறேன்.”

“உக்காருடா. நிக்கிறது பாக்க நல்லால்ல.”

டெஸ் உட்கார்ந்தான். மிச்சமிருந்த வருஷங்களைச் சொல்லத் தொடங்கினான். தொண்ணூற்றொன்றுக்கு வந்தபோது கிளாரி தூங்கிவிட்டான். டெஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டானே தவிர நிறுத்தவில்லை. மெர்ல் மறுபக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை சூடாக இருந்தது, அப்புறம் அவ்வளவு சூடாக இல்லை. மாலை நான்கு இருபதுக்கு கிளாரி டிரான்டர் இறந்தான். அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

அடக்கம் அடுத்த செவ்வாய்க்கிழமை. தேவாலயம் இல்லாததால் ஊர் மண்டபத்தில் வைத்தார்கள். முட்டை சாண்ட்விச்சும் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் தேவைக்குமேல் இருந்தன. சவ வண்டி ஓட்டி வந்தவர், டார்ஸ்லியிலிருந்து நாற்பத்தொரு கிலோமீட்டர் ஆயிற்று, இதைவிட அதிகம் என்று கேள்விப்பட்டேனே என்றார். டெஸ் இரண்டு வேலிகளின் கம்பிகளையும் அறுத்துச் சுருட்டி வைத்துவிட்டான் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாற்பத்தொன்று எதனால் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கிளாரி மாதிரி ஒரு ஆள் போனதற்குக் குறைந்தது இரண்டு கிலோமீட்டராவது கூடும் என்று தீயணைப்புக் குழுத் தலைவர் தேநீர்க் கோப்பையோடு சொன்னார்; மற்றவர்களுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. மெர்லும் அதற்குத் தயாராக இருந்தாள். புதன்கிழமை தபால் எடுக்கப் போனபோது மீட்டரைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. திரும்பும்போதும் பார்த்தாள். நாற்பத்தொன்று. ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. ஒன்பது பையன்களுக்கு ஆளுக்கு இருநூறு கஜம் கொடுத்த சாலை, அறுபத்தொன்பது வருஷம் இங்கேயே உழைத்தவனுக்கு எதுவும் கொடுக்கவில்லையே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக் கேட்டைத் திறந்தபோதுதான் பார்த்தாள். கேட்டிலிருந்து பதினைந்து அடியில் இருந்த வீடு தூரத்தில் இருந்தது. நடுவில் மண் வந்திருந்தது. நல்ல மண்தான்; முழங்கால் உயரப் புல், ஒரு சின்ன நீரோடை வழி, நான்கு பெரிய மரங்கள், ஒரு மரத்தில் மாக்பை பறவையின் கூடு. வண்டித் தடம் கேட்டோடு நின்றுவிட்டது. நாய் அந்தப் பக்கத்திலிருந்து குரைத்துக்கொண்டு ஓடிவர நெடுநேரம் ஆயிற்று. மெர்ல் தபால் பையை வண்டியிலேயே வைத்துவிட்டு நடந்தாள். அடி எண்ணிப் பார்த்ததில் நானூற்று முப்பது மீட்டர் வந்தது. நோட்டில் எழுதலாமா என்று யோசித்தாள். அது டார்ஸ்லி சாலைக்கான நோட்டு என்பதால் எழுதவில்லை.

டெஸ் வந்து பார்த்துவிட்டு, தன் டிராக்டரைக் கொண்டுவந்து ஒரு நாளில் பாதை வெட்டித் தருகிறேன், வாசல் வரைக்கும் வண்டி வரும் என்றான். வேண்டாம், நடந்துக்கறேன் என்றாள். வட்டார சபைக்கு அவள் எழுதவில்லை, அவர்களும் அளக்க வரவில்லை. செப்டம்பரில் மாக்பை குஞ்சு பொரித்து, நடந்து போகிறவர்களின் தலையில் கொத்த இறங்கியபோது காலி ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டாள். மழைக்காலத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கினாள். கேட்டிலிருந்து வீட்டுக்கு இப்போது ஆறு நிமிடம். கையில் சுமை இருந்தால் ஏழு.